இரண்டு ஆடுதன், ஒன்று குறைவு

செவ்வாய் இரவு, சட்பரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
லூதரன் தேவாலயத்தின் நிலவறையில்
எட்டு மேசை, பதினாறு சோடி, ஒரு கேத்தில் கோப்பி.
வாசலில் பனிச்சப்பாத்துகள் உருகிக்கொண்டிருக்கின்றன.

என் கூட்டாளி ரெய்னோ.
நிக்கல் சுரங்கத்தில் முப்பத்தேழு வருடம்.
இடது காது கேட்காது.
தவமலர் என்ற என்னைப் புள்ளிச் சீட்டில்
டாவா என்று எழுதுவார்,
அதையும் எழுத்துப் பிழையோடு.

முந்நூற்றிநாலு ஆடி வந்தவள் நான்.
அங்கே ஏலத்துக்குப் பெயர் கேள்வி.
இருக்கிறதைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.
கூட்டாளிக்கு மூக்கைச் சொறிந்து காட்டினால் களவு.
இங்கே அதே களவை
ஒரு மட்டையில் எழுதி எதிராளி கையிலும் கொடுத்தால்
சட்டம்.
சிரிக்காமல் இருக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

பதினோராவது பலகை.
ரெய்னோ ஒரு உரூவிதன் கேட்டார்.
நான் வாய் திறக்குமுன்
(வாய் திறப்பதில்லை, அட்டைதான் வைப்பது)
பெலாஞ்சே அம்மையார் குறுக்கே ஒரு இஸ்கோப்பன் வைத்தார்,
முத்திரை ஒட்டுவதுபோல் விரலால் அழுத்தி.

என் கையில் ஆடுதன் ஐந்து:
ராணி, பத்து, எட்டு, ஆறு, மூன்று.
எல்லாம் கூட்டினால் ஏழு புள்ளி.
இரண்டு ஆடுதன் கேட்கப் பத்தாவது வேண்டும்.
பாஸ் என்றால் பொய்.
ஆகவே சிவப்பு அட்டை, பெருக்கல் குறி போட்டது.
டபுள்.

ஒருகாலத்தில் அதற்கு ஒரே பொருள்தானாம்:
நீ கேட்டது நடக்காது, பந்தயத்தை இரட்டி.
பிறகு யாரோ யோசித்திருக்கிறார்கள்,
இவ்வளவு கீழேயே சண்டை பிடிக்க
வருடத்தில் எத்தனை நாள் வாய்க்கும் என்று.
உறையில் சும்மா கிடந்த கத்தியை
வெங்காயம் வெட்ட எடுத்ததுபோல்
அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்.

"இதற்கு என்ன பொருள்?"
பெலாஞ்சே அம்மையார் கேட்டது என்னிடமல்ல.
நான் சொன்னதற்குப் பொருள் ரெய்னோதான் சொல்லவேண்டும்.
விதி அப்படி.
பிழையாகச் சொன்னாலும் நான் இமைக்கக்கூடாது.

ரெய்னோ நல்ல காதைத் திருப்பி, இன்னொரு முறை கேட்டு,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"அவளிடம் ஆடுதன் இருக்கிறது.
நாலு. ஐந்தும் இருக்கலாம்.
நேரே சொல்லப் பலம் போதாது.
ஆனால் இருக்கிறது."

நான் சுவரில் இருந்த தீயணைப்புக் குழாயைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
வீட்டில் இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன், பரவாயில்லை என்று.
அதற்கு என்ன பொருள் என்று
யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

ரெய்னோ இரண்டு ஆடுதன். எல்லாரும் பாஸ்.
நான் டம்மி. சீட்டை விரித்து வைத்துவிட்டு
ஊமையாய் இருக்கவேண்டியது.
அவர் ஐந்தையும் ஒவ்வொன்றாய் எண்ணினார்.
"நன்றி, பார்ட்னர்" என்றார்.
எல்லா மேசையிலும் எல்லாரும் சொல்வதுதான்.

எதிரே நாலு துரும்பும் ஒரே கையில் கிடந்தது.
ஏழு பிடிதான் வந்தது. ஐம்பது போயிற்று.
புள்ளிச் சீட்டைப் பார்த்தால், மற்ற மேசைகளில்
இஸ்கோப்பன்காரர் நூற்றிப்பத்து வாங்கியிருக்கிறார்கள்.
அந்தப் பலகையில் எங்கள் பக்கத்தில்
நாங்கள் தோற்றதைவிட நன்றாக
ஒருவரும் தோற்கவில்லை.

"ஐந்து என்று தெரிந்திருந்தால்" என்றார் ரெய்னோ.
அதற்கு அட்டை இல்லையே என்றேன்.
"இருக்கிறது. ஒன்றைச் சொன்னால் அடுத்ததென்று பொருள்.
இரண்டு உரூவிதன் என்றால் ஆடுதன்.
ஆனால் இரண்டு பேரில் ஒருவரும்
ஒருநாளும் மறக்கக்கூடாது."

பன்னிரண்டாவது பலகையை எடுத்து நடுவில் வைத்தேன்.
எல்லாரும் காத்திருந்தோம்.
முதல் கேள்வி தன்னுடையது என்பதை
ரெய்னோ மறந்திருந்தார்.