மிச்சத் தரை

நாலு லீட்டர்.
எலுமிச்சைச் சுவை என்று பெட்டியில் எழுதியிருந்தது.
கடல்தண்ணிக்குள் சவுக்காரம் விழுந்த ருசி.
இரவு முழுக்கக் கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் இடையில்
என் ரூட்டை ஓடினேன்.
ஒரு நிறுத்தமும் தவறவில்லை.

விடிய, மைனஸ் இருபத்தாறு.
திரும்பக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று கிளினிக்கில் கட்டளை.
இவர் ஃபோர்ட் மக்மரியில், இரண்டு கிழமை ஷிஃப்டில்.
பதினாறாம் இலக்க பஸ் ஓட்டும் செலாம் வந்தாள்,
டீசல் மணக்கும் கையுறைகளோடு.
"உங்கள் பாஷையில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்றாள்.
"சொல்லுவதில்லை" என்றேன்.

இடப்பக்கம் சரிந்து படுக்க வைத்தார்கள்.
நரம்பில் குளிர் ஏறியது.
அரைத் தூக்கத்தில் திரையைப் பார்த்தேன்:
மழை விட்ட செம்பாட்டு ஒழுங்கை,
வளைந்து, பிறகும் வளைந்து,
அதில் அங்கங்கே முளைகள்.
சில விரல்நுனி, சில காளான்.
ஒன்று ஆளைக் கண்டு தலையாட்டியது போல.
சின்னக் கிடுக்கி கிள்ளக் கிள்ள
ஒவ்வொரு பொட்டு இரத்தம்.

பிறகு பத்து நாள்.
பத்து நாளும் பஸ் ஓட்டினேன்.
பின்சீட்டில் ஒரு பெடியன் சத்தி எடுத்தான்.
வாளியும் மரத்தூளுமாய்க் குனிந்து நிற்கையில்
கணக்குப் பார்த்தேன்:
ஏதும் கூடாததென்றால் இவருக்கு எப்படிச் சொல்வது,
ஃபோனிலா, வந்த பிறகா,
சாப்பிட முன்னமா, சாப்பிட்டு முடியவா.
சாப்பிட்டு முடிய என்று முடிவெடுத்தேன்.
அன்றைக்கு மீன்குழம்பு வைக்கலாம் என்றும்.

பதினோராம் நாள் டொக்டர் ஃப்ரீசன் எடுத்தார்.
மக்லவுட் ட்ரெயிலில், வெறும் பஸ்.
ஓரம் கட்டி, அபாய விளக்கைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"அழற்சிப் பொலிப். புற்று இல்லை.
சரியாகச் சொன்னால், அவை வளர்ந்தவையே அல்ல.
பழைய புண்கள் சுற்றவர அரித்துவிட்டன.
அரிபடாமல் நின்ற துண்டுகள்தான்
மேடாகத் தெரிகின்றன."

போன ஜூனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
ட்ரம்ஹெல்லர் போயிருந்தேன்.
பள்ளத்தாக்கில் தொப்பி போட்ட கல்தூண்கள்.
யாரோ நட்டவை என்று நினைத்துப் படம் எடுத்தேன்.
வழிகாட்ட வந்த பெட்டை சிரித்தாள்.
ஒன்றும் எழும்பி நிற்கவில்லையாம்.
ஒருகாலம் தரை முழுக்க இந்த உயரமாம்.
மற்றதை மழை கொண்டுபோனதாம்.

அன்றைக்கும் எனக்கு வயிறு பிடித்து
இரத்தம் போனது.
முதல்நாள் மிளகாய்ப் பொரியலில் பழியைப் போட்டுவிட்டு
பிள்ளைகளை எண்ணி ஏற்றினேன்.
நாற்பத்தொன்று. சரி.

டொக்டர் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்:
மருந்தை விடக் கூடாது,
வருஷத்துக்கு ஒருக்கால் உள்ளே பார்க்க வேணும்.
ஓம், ஓம் என்றேன்.
பதினொரு வருஷமாய்க் கரைந்துகொண்டிருந்ததைப் பற்றி
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
கை மட்டும் தானாக வந்து
ஜாக்கெட்டின் மேலால் வயிற்றைத் தடவியது,
நித்திரையில் சிணுங்கும் பிள்ளைக்குச் செய்வதுபோல.
நின்றதுகளே,
என்ன பிடிவாதம் உங்களுக்கு.

இவருக்கு எடுத்து "ஒன்றும் இல்லையாம்" என்றேன்.
"பிறகேன் குரல் ஒரு மாதிரி?"
"சினூக் காற்று" என்றேன். உண்மையாகவே அடித்தது.
தெருவோரப் பனி இளகி ஓடிக்கொண்டிருந்தது.

யார்டில் செலாம் கண்ணாடியில் தட்டினாள்:
"உன் விளக்கு இன்னும் மின்னுது."
"தெரியும்" என்றேன்.
தெரிந்திருக்கவில்லை.