முழுப்புள்ளி

கோயில் வரிக் கணக்கில்
நானும் உமையாளும் சேர்ந்து ஒரு புள்ளி.
ஒருவர் போனால் மற்றவர் அரை.
மதுரை ஸ்கேனில்
அவள் கல்லீரலில் மட்டும் ஐந்து.

இருபத்தொரு நாள் மாத்திரை, ஏழு நாள் விடுப்பு.
காரைக்குடி மருந்துக்கடையில்
முதல் அட்டைக்குக் கொடுத்தது
வளவு வீட்டில் எங்கள் பங்கு அறையின் முன்பணம்.
பங்காளி எண்ணிக் கொடுத்தார்,
எதற்கென்று கேட்கவில்லை. அது பெரிய உதவி.

கூடுதலாக எத்தனை மாதம் என்றேன்.
டாக்டர் ஆய்வின் சராசரியைச் சொன்னார்.
அந்தச் சராசரிக்குள் இருந்த பெண்கள்
விடிகாலை நாலரை பஸ்ஸில்
திருப்பத்தூர் தாண்டுமுன் வாந்தியெடுத்தார்களா,
வெள்ளணு குறைந்ததென்று
மாத்திரையில்லாமல் திரும்பினார்களா,
அதைச் சொல்லவில்லை.

மாதத்தை மாத்திரையால் வகுத்தேன்,
மாத்திரையை ரூபாயால்.
வட்டிக்கடைக் கணக்கனுக்கு வேறென்ன தெரியும்.
நோட்டைப் பார்த்துவிட்டாள்.
"என் பேருக்கு நேரே பத்து மட்டும் இருக்கு.
வரவை யார் எழுதுவாக?"
பேனாவைப் பிடுங்கினாள்.

செவ்வாய். மாடிப்படி இருபத்திரண்டும் நிக்காம ஏறினேன்.
புதன். வாயெல்லாம் புண். மோர் மட்டும்.
வெள்ளி. கவுனியரிசி கிண்டினேன். அடிப்பிடிச்சிருச்சு.
இவுக தின்னாக.
ஞாயிறு. சண்டை. ஜெயிச்சது நான்.

இது பதினான்காவது அட்டை.
விலை இறங்கிவிட்டது என்கிறான் கடைக்காரன்.
விற்ற அறையில் தொங்குகிறது
பங்காளியின் பூட்டு.
மூன்று சுருங்கின, ஒன்று அப்படியே,
ஒன்று வளர்கிறதோ என்று சந்தேகம்.

நேற்று ரசீதுப் புத்தகத்தோடு
கோயில் வரிக்கு ஆள் வந்தார்.
என்னைப் பார்த்துத் தயங்கினார்.
உள்ளிருந்து அவள்தான் குரல் கொடுத்தாள்:
"முழுப்புள்ளி. எழுதிக்கிடுங்க."