பாவித்த மேசை

மிக்சர் வாங்க மாங்குளம் போறம் என்றதும்
உறைப்புக் கூடினது வேண்டாம்,
பல்லுக்கு ஏலாது என்றா அம்மா.
சுகிர்தா சிரித்த சிரிப்பில்
பட்டா இரண்டுதரம் நின்று எடுபட்டது.

வீட்டில் எட்டுத்தட நாடா எந்திரம் இருக்கிறது.
அரை அங்குல நாடா, தலை தேயாதது.
எட்டுப் பேரின் குரலைத் தனித்தனியே வைத்திருக்கும்.
உள்ளே விடவும் வெளியே எடுக்கவும்
ஒரு மேசை இல்லாமல்
வாய் தைத்த பெட்டி.

போன கிழமை வவுனியாவில் ஒன்று பார்த்தோம்.
பளபளப்பு. குமிழெல்லாம் எண்ணெய் பூசினமாதிரி.
மூடியைத் திறக்க விடவில்லை விற்கிறவன்.
சீட்டுக்காசு அவ்வளவும் கேட்டான்.

பத்திநாதர் திறக்கவிட்டார்.
ஒட்டுசுட்டான் வீதி, நெல்லு மூட்டைக்கும்
லவுட்ஸ்பீக்கர் குழாய்களுக்கும் நடுவில்
சாக்கால் மூடி, இருபத்துநான்கு சானல்.
இரண்டுபேர் தூக்கினால்
பார்த்து நிற்கிற மூன்றாவது ஆளுக்கு இடுப்புப் பிடிக்கும்.
அடித்தகட்டைக் கழற்றினேன்:
செம்மண், பல்லி முட்டை இரண்டு,
வீங்கின கப்பாசிற்றர் நான்கு. நான்குதானே.
மின்வழங்கி தனிப் பெட்டி. அது நல்லது,
அதின்ரை இரைச்சலை எட்டக் கட்டிவைக்கலாம்.

ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு
ஒவ்வொரு சானலாய்த் திறந்தேன்.
ஒருவரும் பேசாதபோது என்ன வருகிறது,
அதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.
மூன்றில் மெல்லிய சீறல். ஆறில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதில் இரண்டு வகை;
இது நல்ல வகை.
பதினொன்றில் யாரோ பொரி வறுக்கிறார்கள்.
பத்தொன்பது செத்துக் கிடந்தது,
சுகிர்தா முழங்கையால் ஒரு இடி இடிக்க எழும்பியது.
"அதுக்கு அப்பிடித்தான் பழக்கம்" என்றார் பத்திநாதர்.

ஃபேடர்களின் கீழே ஒட்டின பட்டியில்
பேனை எழுத்து இன்னும் மங்கவில்லை:
தவில். நாதஸ்வரம். பாதர். அதிபர்.
முதலாவதில், அறிவித்தல்.
அதன் தலை தேய்ந்து மொட்டை.
என்ன அறிவித்தல் என்று கேட்டேன்.
"திறப்புக்கோர்வை ஒண்டு கிடந்தது,
பிள்ளையைத் தவறவிட்டவை மேடைக்கு வாங்கோ,
தண்ணிப் பவுசர் வந்திட்டுது.
எல்லாந்தான் தங்கச்சி."
மேலே சொல்லவில்லை.
நான் இரண்டாவது சானலுக்குப் போனேன்.

பிறகுதான் மேல்வரிசையைக் கண்டேன்.
நாடாவிலிருந்து திரும்பி வருகிறதைக் கேட்கச்
சானலுக்கொரு சிவப்புப் பொத்தான்.
இருபத்துநான்கும் புத்தம்புதிது.
அழுத்தினால் அசையவில்லை, நகம் நொந்தது.
"அது என்னத்துக்கெண்டு தெரியாது,
எனக்கு ஒருநாளும் தேவைப்படேல்லை."

பாவித்த மேசைதான். பாதிதான் பாவித்தது.
எத்தனை வருசம்
வெளியே, வெளியே, வயல் தாண்டி வெளியே
என்று கத்தியிருக்கிறது;
போனது திரும்பி வந்தால் எப்படிக் கேட்கும் என்று
ஒருவரும் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.
விலை பேசுகிற நேரம்
இதையெல்லாம் முகத்தில் காட்டக்கூடாது.
"பதினொண்டு பொரியுது" என்றேன்.
"கப்பாசிற்றர் வீங்கிக் கிடக்கு."
"பல்லி முட்டை" என்றாள் சுகிர்தா.

அப்போது கரண்ட் போனது.
மின்விசிறி நின்றது, எதிர்ப்பக்கத்து மில் நின்றது.
மேசையின் சின்ன விளக்குகள் மட்டும்
மூன்று எண்ணுமட்டும் எரிந்து
பிறகுதான் அணைந்தன.
இருட்டுக்குள் நாலாயிரம் குறைத்தார்.

பட்டாவில் மெத்தை, மெத்தைமேல் மேசை, மேலே படங்கு.
முறிகண்டியில் எல்லோரும் நிற்பார்கள், நாங்களும் நின்றோம்.
தேங்காய் உடைத்துப்போட்டு வந்து பார்த்தால்
சுகிர்தா பின்னால் ஏறிப் படங்குக்குள் கைவிட்டு
ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறாள்.
எத்தனையாவது தரமோ, டிக் என்றது.

அவித்த கச்சான் இரண்டு சரை வாங்கினேன்.
மிக்சர் என்று சொல்லி
அம்மாவுக்குக் குடுக்கலாம்.