அறுபது ரூபா வளையம்

மூடியைத் திருகி எடுத்தேன்.
உள்ளே இருந்தது ஒயில் இல்லை,
ஆற்றி வைத்த பால் தேத்தண்ணி.
அளவுக்கம்பி நுனியில் பழுப்பு நுரை
ஒவ்வொன்றாக உடைந்து
பெருவிரலில் வழிந்தது.

நாற்பது கிலோமீற்றர்கூட ஓடவில்லை என்றார் சபூர்தீன்.
கிண்ணியாவிலிருந்து முப்பது தயிர்ச்சட்டி கட்டி வருகிற ஹொண்டா,
பதினாறு நாள் என் மேசையில் துண்டு துண்டாய்க் கிடந்து
போன செவ்வாய்தான் எழுந்து போனது.
புதுப் பிஸ்டன், புது வால்வு, கடைந்த சிலிண்டர்.
பில்லில் இருபத்திரண்டு வரி.

கூடிப்போச்சா? வடித்து அளந்தேன்.
குறையவுமில்லை, கூடவுமில்லை.
தண்ணீர் கலந்ததா?
பக்கத்து ஹோட்டல் சிவகடாட்சத்தின் ரொட்டிக் கல்லில்
ஒரு சொட்டு விட்டேன்.
தண்ணீர் இருந்தால் பொரியும். பொரியவில்லை.
கடாட்சம்தான் பொரிந்தான்,
கல்லை மூன்று தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தான்.
மூச்சுக்குழாயை வாயில் வைத்து ஊதினேன்,
அடைப்பில்லை. நாக்கில் மட்டும்
பின்னேரம் வரை எஞ்சின் இருந்தது.
போலி ஒயிலோ என்று
வேறு கடையில் வேறு தகரம் வாங்கி ஊற்றினேன்.
ஐந்து நிமிட ஓட்டம்.
அதே தேத்தண்ணி.

அப்போதுதான் சிறிதுங்கவுக்குப் போன் எடுத்தேன்.
அபயபுரத்தில் லேத் வைத்திருப்பவன்,
கேஸ் முகத்தை மட்டம் பார்த்து உரசித் தந்தவன்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
அந்த நேரம் கோபம் மட்டும்தான் கைக்கு வந்தது.
உன் வேலைதான் என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
லேத் சுற்றுவது கேட்டது,
பிறகு அது நின்றதும் கேட்டது.

இரவு அந்த ஒயிலை ஒரு போத்தலில் நிரப்பி
ஜன்னலில் வைத்துக் கராஜைப் பூட்டினேன்.
டச்பே பக்கம் அலைச் சத்தம்.
கடல் நுரைக்கக் காரணம் தேவையில்லை,
அதைப் பிரித்து யாரும் மேசையில் பரப்புவதுமில்லை.

காலையில் போத்தல் தெளிந்திருந்தது.
அடியில் தண்ணீர்க் கோடில்லை,
மேலே சவர்க்காரப் படலமில்லை.
அப்படியென்றால் காற்று.
வெறும் காற்று.

சபூர்தீன் வாசலில் குந்தியிருந்து சொன்னார்:
"எருமை கறக்கிறவன்
வாளியை மடிக்குக் கிட்டப் பிடித்தால் நுரை கொஞ்சம்.
தள்ளிப் பிடித்தால் பொங்கும்.
நுரை பாலிலேயா இருக்கு?
இடைவெளியிலே."

நான் இடைவெளி தேடிப் போனேன்,
பம்ப் குடிக்கிற பக்கமாக.
வெளியே கசிகிற ஓட்டை தரையில் கறை காட்டும்.
உள்ளே இழுக்கிற ஓட்டை
ஒரு சொட்டும் சிந்தாது,
நல்ல பிள்ளை போல இருக்கும்.

கவரைக் கழற்றினேன்.
உறிஞ்சு குழாயின் கழுத்தில்
ஓ-ரிங்.
தட்டையாகி, இறுகி, ஓரிடத்தில்
மயிரளவு கீறல்.

பழையது.
திங்கள் இரவு கடை பூட்டியிருந்தது,
செவ்வாய் தருவதாகச் சொல்லியிருந்தேன்,
துடைத்து, கிறீஸ் பூசி, இதே விரலால்
திரும்பவும் போட்டேன்.
பில்லில் பத்தொன்பதாவது வரி:
புது ஓ-ரிங், ஒன்று, அறுபது ரூபா.
எழுதியதும் இதே விரல்தான்.

அன்று போயா, கடையொன்றும் திறக்காது.
பிழை என்னுடையது என்று சொல்லச்
சிங்களத்தில் மூன்று சொல் பாடமாக்கினேன்.
சிறிதுங்க போனை எடுத்ததும் இரண்டு மறந்தது.
மிச்சமிருந்த ஒன்றைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் அங்கே காகம் மட்டும் கேட்டது.
"எத்தனை மில்லிமீற்றர்?"
"பதினெட்டு."
"ரெண்டு இருக்கு. பன்சலைக்குப் போய் வாறன்,
பத்து மணிக்கு வா."

பத்தொன்பதாவது வரியை வெட்டி
அறுபது ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
சபூர்தீன் காசை எண்ணவில்லை.
மற்ற இருபத்தொரு வரியையும்
அன்றுதான் வாசித்தார்,
நின்றபடியே, விரல் வைத்து.

ஐந்து மணிக்குப் போன் வந்தது.
கிண்ணியாப் பாலத்தில் நிறுத்தி
மூடியைத் திறந்து பார்த்தாராம்.
நுரை இல்லை.
"நாளைக்கும் பார்ப்பன்" என்றார்.