நூறு பைக்கோஃபாரட்

ரப்பர் ஷீட்டின் புகைநாற்றம்
கையை விட்டுப் போக இரண்டு தடவை சோப்பு போடணும்.
அதற்குப் பிறகுதான் சால்டரிங் அயர்னைச் செருகுவேன்.
பகல் முழுக்கக் கடையில் எடை எழுதுகிறவள்
இரவு பத்தரைக்கு
அரிசிமணி அளவுச் சாமானை
இடுக்கியால் தூக்கி வைக்கிறாள் என்றால்
படந்தாலுமூட்டில் யார் நம்புவார்.

சாமான் வாங்க எல்லை தாண்ட வேண்டும்.
களியக்காவிளையில் பஸ் ஏறினால்
பாறசாலை, நெய்யாற்றின்கரை, பிறகு சாலைக் கம்போளம்.
கடைக்காரர் மலையாளத்தில் கேட்பார்,
நான் தமிழில் சொல்வேன்,
ரெசிஸ்டரை இருவரும் நிறத்தால் படிப்போம்.
பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் அங்கேயும் இல்லை.
மார்த்தாண்டம் ஆக்கர் கடையில்
வயிறு பிளந்து கிடந்த ரேடியோவில் இருந்தது.
முப்பது ரூபாய்.
கூடு வேண்டாம் என்றேன்.
"அதையும் கொண்டு போ பிள்ளே, எனக்கெதுக்கு."

மாதக் கடைசி. அலுமினியப் பெட்டிக்குக் காசில்லை.
நேந்திரங்காய் சிப்ஸ் வந்த பிளாஸ்டிக் டப்பாவில்
கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டேன்.
ஓட்டை கோணல்.
சுவிட்சும் கோணலாகவே நின்றது.

வினிஷ் கிட்டாரைச் செருகினான்.
முதல் மிதியில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் பேட்டரி சுட்டது, வயர் மாறியிருந்தது.
மூன்றாவதில்
பலாச்சுளையில் மொய்த்த ஈக்களெல்லாம்
ஒரே சுதியில் கிளம்பின.
"எக்கா, இது நாசமாப் போன சத்தம்" என்றான்,
மறுபடி மிதித்தான்.
மறுபடி.

உச்சி வெயிலில் அது படுத்துவிடும்.
சூடு ஜெர்மானியத்துக்கு ஆகாது.
டப்பாவுக்கு ஈரத்துணி சுற்றி
ஃபேனுக்கு நேரே வைப்பேன்.
என் காய்ச்சலுக்கு இவ்வளவு செய்ததில்லை.

ஞாயிறு ஆராதனையில் மௌன ஜெபம்.
பெடலை அணைக்க வினிஷ் மறந்தான்.
கிட்டார் தோளில் சும்மா தொங்கியது.
ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது.
பிறகு ஒரு பெண், திருத்தமான மலையாளத்தில்,
காற்றின் வேகம் சொன்னாள்,
நேரம் சொன்னாள்,
"மல்ஸ்யத் தொழிலாளிகள் கடலில் போகருது."

ஒருவரும் சிரிக்கவில்லை.
பொழியூரிலிருந்து கட்டி வந்த லில்லிபாய்
கண்ணைத் திறந்தாள்.
அண்ணன்மார் மூன்று பேர் அவளுக்கு.
செருப்பைக்கூடத் தேடாமல்
போனோடு வெளியே போனாள்.
ஆமென் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

அன்றிரவு டப்பாவைத் திறந்தேன்.
கவசமில்லாத பிளாஸ்டிக்,
ஆன்டெனா போல நீண்ட வயர்,
ரேடியோவில் பிறந்து
இன்னும் அதை மறக்காத ஒரு டிரான்சிஸ்டர்.
மருந்து தெரியும்.
நுழைவில் நூறு பைக்கோஃபாரட்,
ஒரு கால் சிக்னலுக்கு, ஒரு கால் தரைக்கு.
ஒரு ரூபாய்.
வைத்தால் மலையாளம் நின்றுவிடும்.

வைத்தேன்.
அதன் ஒரு காலைக் கழற்றி
நடுவே குட்டி சுவிட்ச் ஒன்றும் வைத்தேன்,
டப்பாவின் பின்பக்கம், கை தடவினால் மட்டும் தெரிகிற இடத்தில்.
வினிஷிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை லில்லிபாய் ஷீட் கொண்டு வந்தாள்.
"அண்ணைக்கு ஒரு காத்தும் அடிக்கல்ல.
அண்ணன்மாருக்கு ஒரு நாள் பாடு போச்சு,
பெட்டி செஞ்சவளைக் கொண்டா எங்காவ."
தராசைப் பார்த்தாள்.
முள் நிற்கும்வரை இருவரும் பேசவில்லை.
"அது இன்னும் பேசுமா?"

பதினொரு கிலோ நானூறு என்று எழுதினேன்.
பேசும் என்றேன்.