நாலாம் கிடங்கு

ஒட்டுசுட்டானுக்கு மேற்கே,
வரைபடத்தில் பெயரில்லாத ஒரு காட்டுவெளி.
ஆறு கிடங்கு வெட்ட வேண்டும்.
ஒரு முழ ஆழம் போதும்.
ஆனால் மண்வெட்டிக்கு முதல்
சுகந்தமலரின் கடிதம் வேண்டும்:
"கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம்."
திகதி, முத்திரை, கையெழுத்து.

நிலநடுக்கம் பார்க்க வந்தவள் என்றதும் சிரித்தாள்.
"இன்னும் என்ன நடுங்க வேணும்?"

சொன்னேன்:
இரண்டு மாதமாய்க் குளக்கட்டுக்குக் கீழே
சின்னச் சின்ன அதிர்வு.
கண்டிப் பக்கத்துக் கருவிக்கு அது ஒரு புள்ளி.
தூரத்துக்கு எல்லாம் புள்ளிதான்.
பாறை எங்கே முதலில் விட்டது,
எந்தப் பக்கம் ஓடிற்று, எதில் முட்டி நின்றது,
இதையெல்லாம் கேட்க
அதன் வாயருகே காதை வைக்க வேண்டும்.

கருவி எதையும் தள்ளாது.
யானை பாலைமரத்தில் முதுகு தேய்த்தது,
லாண்ட்மாஸ்டர் ஒன்று மேட்டில் திணறியது,
ஐந்தாம் நாள் தவராசா அண்ணையின் மாடு
மூன்றாம் கிடங்கின் மேலேயே படுத்து
விடிய விடிய அசைபோட்டது.
மாட்டின் வயிறு இவ்வளவு பேசும் என்று
எந்தப் பாடநூலிலும் இல்லை.

பத்தாம் இரவு, இரண்டு மணி பதினேழு.
நான் நித்திரை. நாய்கள் மட்டும் எழும்பின.

காலையில் கூடாரத்துக்குள் மடிக்கணினியை விரித்தோம்.
முதலில் ஒரு மெல்லிய குத்து, தள்ளிக்கொண்டு வரும் அலை.
பிறகு பெரியது, பக்கவாட்டில் உலுப்பும் அலை.
இரண்டுக்கும் நடுவே மூன்றிலொரு செக்கன்.
எட்டால் பெருக்கினால் கிலோமீற்றர்:
மூன்றுக்கும் குறைவு.
அதன் தலைமாட்டில்தான் படுத்திருந்திருக்கிறோம்.

சுகந்தமலர் திரையைப் பார்த்தாள்.
"இது எங்களுக்குத் தெரிஞ்ச கணக்குத்தானே.
குத்துற சத்தம் ஒண்டு, விழுற சத்தம் ஒண்டு.
நடுவில எண்ணுவம். நான் பதினொண்டு வரைக்கும் எண்ணியிருக்கிறன்.
தம்பி எப்பவும் அவசரமா எண்ணுவான்,
அவன்ரை கணக்கில எல்லாம் தூரத்தில விழும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வடக்குக் கிடங்குகளைத் திறந்தேன்.
ஒன்றிலும் இரண்டிலும் அலை
ஒடுங்கி, ஊசியாய், உயர்ந்து நின்றது.
தெற்கே ஐந்திலும் ஆறிலும் அதே அலை
அகன்று, பதிந்து, சோம்பலாய்.
அப்படியானால் கிழிவு வடக்கே ஓடியிருக்கிறது.

பாறை ஒரேயடியாய் உடைவதில்லை, மலர்.
தறப்பாள் மாதிரித்தான். ஒரு நூல் விட்டால்
அதன் பாரம் அடுத்த நூலில் ஏறும்,
அது விட, அதற்கடுத்தது.
கிழிவுக்கு முன்னால் நிற்பவருக்கு எல்லாம் நெருக்கி வரும்.
பின்னால் நிற்பவருக்கு இழுபட்டுப் போகும்.
எங்கோ ஒரு முரட்டுப் பகுதி
விடமாட்டேன் என்கிறது. அங்கே நிற்கிறது.
நின்ற இடத்தில் பாரம் குறைவதில்லை,
கூடுகிறது.

"நாலு?" என்றாள்.

நாலாம் கிடங்கு எல்லாவற்றிலும் கிட்ட,
ஏறக்குறைய அதன் உச்சந்தலையில்.
கடைசிக்கென்று வைத்திருந்தேன்.
மெல்லிய குத்து, சரி. அதன்பின்
அலை ஏறி, மேலே முட்டி,
தட்டையாய் ஒரு கோடு, கத்தரித்தது போல.
மறுபடி கீழே ஒரு தட்டைக் கோடு.
பிழை என்னுடையது. சின்ன ஒலிக்கென்று
காதை மிகக் கூர்மையாக்கி வைத்தேன்.
கொள்ளாத அளவு வந்ததும் அது
இவ்வளவுக்கு மேல் என்று மட்டும் எழுதியது,
எவ்வளவு என்று எழுதவில்லை.

குறிப்பேட்டில் "நாலு: பயன்படாது" என்று போட்டேன்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
"கிட்ட விழுந்ததை நாங்களும் எண்ணினதில்லை.
ரெண்டு சத்தம் இருக்காது."
கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாள்.
"பயன்படாது எண்டு எழுதாதேங்கோ.
வேற என்ன எழுதிறதெண்டும் எனக்குத் தெரியாது."

வெட்டிவிட்டு, இடத்தை வெறுமையாய் விட்டேன்.

மத்தியானம் நாலுக்குப் பக்கத்தில்
இன்னொரு கருவி புதைக்க வேண்டியிருந்தது,
மந்தமான காது, பெரியதை மட்டும் கேட்பது.
ஒரு முழம் தள்ளி, அவ்வளவுதான்.
அந்த ஒரு முழத்துக்கும்
குந்தியிருந்து, கருவி பிடித்துத் தேடி,
புதுக் கடிதம் எழுதினாள். திகதி. முத்திரை.
மை காயவில்லை.
ஊதிக்கொண்டே தந்தாள்.