இரண்டு விளக்கும் ஒரு வட்டமும்

துப்பாக்கி கிளப்பில் பூட்டிக் கிடக்கிறது.
வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, சட்டம்.
யீஷூன் நான்கறை வீட்டில்
என் வலக்கையில் இருப்பது
தொள்ளாயிரத்து இருபது கிராம் அயர்ன்பெட்டி.
அதன் மூக்கில் ஒரு தீக்குச்சி, முன்குறி.
முதுகில் இரண்டு ரப்பர் துண்டு, பின்குறி.
சிரிக்கலாம்.
நானும் சிரித்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

சமையலறை ஜன்னல் தொடங்கி வாசற்கதவு வரை
ஏழு மீட்டர் நாற்பது.
பத்து மீட்டர் வட்டத்தைக் கணக்குப் போட்டுச் சுருக்கி
நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் கறுப்பு,
கதவின் உட்புறம், தோள் உயரத்தில்.

கூரை விளக்கே போதும் என்றிருந்தேன்.
விளக்குக்குக் கீழே மின்விசிறி.
இறக்கைகள் வட்டத்தை
வெங்காயம் போல நறுக்கி நறுக்கிப் போட்டன.
விசிறியை நிறுத்தினால்
முழங்கை வரை வியர்வை.

படிப்பு விளக்கைத் தரையில் வைத்தேன்.
சுருண்ட தாளின் ஓரம்
தன் நிழலைத் தானே வட்டத்தின் மேல் இழுத்துக்கொண்டது,
கிரகணம் பிடித்தாற்போல.
தாள் பளபளத்தது. தாளை மாற்றினேன்.
சொரசொரப்பான தாள் பரவாயில்லை,
அது வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது,
திருப்பி அடிப்பதில்லை.

பாலஸ்டியர் சாலை விளக்குக்கடையில் குவெக்
"ஓவியத்துக்கா?" என்றார்.
"ஒரு புள்ளிக்கு."
நிமிர்ந்தும் பார்க்காமல்
ஒரே வெண்மையில் இரண்டு எடுத்துத் தந்தார்.
இடப்பக்கம் செருப்பு அலமாரி மேல் ஒன்று,
வலப்பக்கம் மடக்கு நாற்காலியில் ஒன்று.
பல்பு கண்ணில் படாதிருக்க
மைலோ டின்னை வெட்டி மறைப்பு.
நான் நிற்கும் இடம் அரையிருட்டு.

அப்படியும்
வட்டத்தின் ஓரம் கரைந்துகொண்டே இருந்தது.

வியாழன் இரவு, பன்னிரண்டே முக்கால்.
கையை உயர்த்தி, மெல்ல இறக்கி,
தீக்குச்சியின் தலை மட்டும் தெளிவாக,
மூச்சைப் பாதியில் நிறுத்திய நேரம்
வட்டம் நகர்ந்தது.

சாவிச் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.
வட்டம் கதவோடு சுவர்ப்பக்கம் ஒதுங்க
அது இருந்த இடத்தில் அறவாழி,
கடைசிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு.

இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம்.
ஒளிந்துகொள்ள மூக்கோரத்தில்கூட நிழலில்லை.
பதினொரு வருடத்தில்
இவ்வளவு சரியாக வெளிச்சம் போட்டு
நான் அவனைப் பார்த்ததில்லை.
கண்ணுக்கடியில் உட்லண்ட்ஸ் நெரிசல்.
சட்டையில் சுருக்கம்,
சுருக்கத்துக்குள் சுருக்கம்.

இரண்டு கையையும் தூக்கினான்.
"காலையில அயர்ன்பெட்டிய
தேடாத இடமில்ல."

செருப்பு அலமாரியைத் தாண்டி வந்து
என் இடத்தில் நின்றான்.
பெட்டியை வாங்கி நீட்டி,
மூடக்கூடாத கண்ணை மூடி,
"வெள்ளை கறுப்பக் கடிக்குதே.
எதிர்ல ஹை பீம் போட்டு வர்ற லாரி மாதிரி" என்றான்.

மூன்று வாரமாக
என் கண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேக் சுடும் தாள் இருந்தது.
ஒரு விளக்குக்கு ஒரு மடிப்பு, மற்றதற்கு இரண்டு;
இல்லை, இரண்டுக்கும் ஒன்றே.
கறுப்பு தன் ஓரத்தைத்
திரும்ப எடுத்துக்கொண்டது.
யாரும் எதுவும் பேசவில்லை.
விசிறி மட்டும் சுற்றியது, இப்போது யாரையும் நறுக்காமல்.

அப்புறம் தீக்குச்சியைப் பிய்த்தேன்.
சூடு ஏறியதும் ஒட்டுநாடாவின் பசை நாறியது.
நாளைய சட்டைக்கு
அந்த வெளிச்சமே போதுமாக இருந்தது.
காலர், கை, முதுகு.
இடத்தோளில் ஒரு மடிப்பு மட்டும்
மூன்று முறை அழுத்தியும் போகவில்லை.

பனியனோடு குனிந்து பார்த்து
"ஒன்பது" என்றான் அறவாழி.